இரண்டு நாற்பத்தொன்று

நூற்றுப் பதினெட்டுப் பக்கம்.
அரசு வழக்கறிஞர் அதை மேசையில் போட்டபோது
தண்ணீர்க் குவளை ஒருமுறை நடுங்கிற்று.
அறுபத்திரண்டாம் பக்கத்தில் மஞ்சள் கோடு:
பின்னிரவு 2.41, ரெஞாக்கா கோபுரம், மூன்றாம் முகம்.

அதே நேரம் ரெஞாக்காவில்
மருந்துக்கடைக் காவலாளியின் தாடை உடைந்தது.
இதற்குமேல் என்ன வேண்டும் என்பதுபோல்
கைகளை விரித்தார்.
கோபுரம் சொன்னால் வேதம்.

நிபால்தோ கார்க்கமோ, வால்பரைசோவில்
மலையேறும் பெட்டிகளின் வடத்துக்கு மசகு போடுபவன்,
சிறைக் கண்ணாடிக்கு அந்தப்புறம்
ஒரே வாக்கியத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்:
"என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்."

நான் அரசு சம்பளத்தில் ஏழைகளுக்கு வாதாடுகிறவள்.
நிபுணருக்குப் பணம் கேட்ட மனு
எந்த அலுவலகத் தட்டிலோ ஊறிக்கொண்டிருந்தது.
அவன் வைத்திருந்த அதே ரக செல்பேசி ஒன்று இரவல்,
ரேடியோப் பைத்தியமான அக்கா மகன் எலியாசர்,
கம்பளிக் குல்லா இரண்டு.
இவ்வளவோடு இருநூற்று முப்பது படி ஏறினோம்.

அவன் சன்னல் ஓடைப்பள்ளத்தைப் பார்த்தது.
தகரக் கூரைகள். ஒரு நாய். காயாத போர்வை.
விடியும்வரை எங்கள் செல்பேசி
தெருமுனைக் கோபுரத்தை விட்டு அசையவில்லை.
மறுநாளும்.

"கடல் தெரிந்தால் போதும் சித்தி,
தண்ணீருக்குமேல் இந்த அலையை மறிக்க ஆளில்லை,
வளைகுடாவை ஒரே தாண்டாகத் தாண்டும்.
இங்கிருந்து நடக்காது" என்றான் எலியாசர்.

சிறைக்குப் போய் ஒன்றுதான் கேட்டேன்:
"கடல் தெரிகிற சன்னல் ஏதாவது உண்டா?"
நகத்தடி மசகைப் பார்த்தபடி இருந்தான்.
வெகுநேரம் கழித்து ஒரு தெருப் பெயர்.
ஒரு பெண் பெயர்.
குறிப்பேட்டில் தெருவை மட்டும் எழுதினேன்.

மூன்றாம் இரவு, பச்சைத் தகர மாடம்.
மிரேயா தேநீர் தந்தாள், எதையும் கேட்கவில்லை.
கீழே துறைமுகம்,
கருநீருக்கு அப்பால் ஒரு சிவப்பு மினுங்கல்.
2.26, தெருமுனை.
2.33, தெருமுனை.
2.50, ரெஞாக்கா, மூன்றாம் முகம்.
எலியாசர் கத்தினான்.
மிரேயா அவன் வாயைப் பொத்தினாள், சுவர் மெல்லிசு.

குறுக்கு விசாரணையில் நிறுவனப் பொறியாளர்.
"இந்தத் தாள் சொல்வது
செல்பேசி எங்கே இருந்தது என்றா,
எதோடு பேசியது என்றா?"
கண்ணாடியைத் துடைத்தார்.
"எதோடு பேசியது என்று."
"கடல் தாண்டிப் பேசுமா?"
"பேசும். சில நேரம்."
"யார் கையில் இருந்தது?"
"அது தாளில் இல்லை."

பிறகு அந்த மாடத்தின் முகவரியை
நான் வாசித்தாக வேண்டும்.
வாசித்தேன், பதிவாகும்படி, சத்தமாக.

மூன்றாம் வரிசையில் அவன் மனைவி ஒதிலியா.
வெளியே வரும்போது அவன் போடுவதற்கென்று
கொண்டுவந்திருந்த கோட்டு மடியில்.
மடித்தாள். இன்னொரு முறை மடித்தாள்.
அதற்குமேல் சிறிதாக்க முடியாதபோது
பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

விடுதலை.

இப்போது சாவகாசமாக முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன்.
ஏழு மாதம். செவ்வாயும் வெள்ளியும்.
அதே நள்ளிரவு, அதே மூன்றாம் முகம்.
ஒதிலியாவுக்கு முன்பே கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது.
அரசாங்கத்துக்கும்தான், தாளைப் புரட்டியிருந்தால்.
அவர்கள் தேடியது ஒரு வரி,
அது கிடைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.
நானும் தேடியது ஒரு வரிதான்.

கோட்டு என் அலுவலக ஆணியில் தொங்குகிறது.
இரண்டு பேருக்கும் சொல்லியனுப்பினேன்.
எவரும் வரவில்லை.